மகன் பெயர் இல்லாத அறிவித்தல்

பெப்ரவரி 3, செவ்வாய்

குளிர் மைனஸ் பத்தொன்பது. காற்றோடு சேர்த்தால் இன்னும் கீழே. ஜன்னலின் உட்பக்கத்திலும் பனி. மலர் அக்கா வீட்டு பேஸ்மென்ற்றில் ஹீற்றர் இருக்கிறது, நன்றாகச் சத்தம் போடுகிறது, சூடு மட்டும் தருவதில்லை.

இன்று: அறிவித்தல் நாலு (லண்டன் இரண்டு, பாரிஸ், டென்மார்க்). நினைவஞ்சலி ஒன்று. பூட்ஸில் உப்புக் கறை. பால்.

விடிய முதலே வேலை. அப்போது ஐரோப்பாவில் மத்தியானம், துக்க வீட்டுக்காரர் எல்லாரும் விழித்திருப்பார்கள். மரண அறிவித்தல் இணையத்தளம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். பெயர்களை வாங்குவது, முறை பார்த்து அடுக்குவது, படத்தைச் சுற்றி மாலை போடுவது. யார் பிள்ளை, யார் மருமகள், யார் சம்பந்தி, யாருக்கு யார் மூத்தது. ஒரு பெயர் விட்டால் பரம்பரைப் பகை. முதலாளி சிவா அண்ணை சுவிஸில் இருக்கிறார். நான் எந்த நாட்டில் குந்திக்கொண்டிருக்கிறேன் என்று அவர் கேட்பதே இல்லை. இணையம் இருந்தால் போதும்.

போன குளிர்காலம் போர்த்துக்கலில் பிராகா. சின்ன ஊர், மழை, மணிச்சத்தம், மலிந்த கோப்பி. அதற்கு முதல் திபிலிசி. லண்டன் சிநேகிதிகள் 'டிஜிட்டல் நாடோடி' என்று பொறாமைப்படுகிறார்கள். கண்டறியாத நாடோடி. ஒரு பெட்டி, ஒரு லப்டொப், முதுகு வலி.

மொன்ட்ரியால் ஏன் என்று கேட்பவர்களுக்கு, பிரெஞ்சு படிக்க என்று சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியும் ஏன் என்று. கு. இங்கேதான் இருக்கிறான். (குகன். முழுப் பெயரையும் எழுதி மையை வீணாக்க மனமில்லை.)

செய்யக்கூடியவை என்று நேற்று யோசித்தது:
– அவன் மனைவிக்கு போன். (அவள் என்ன செய்தாள், பாவம்.)
– அவன் கார் ரயரைக் கழற்றுவது. (இந்தக் குளிரில் என் விரல்தான் கழலும்.)
– அவன் பேசும் மேடைக்கு நேரே முதல் வரிசையில் போய் இருப்பது.
– அவனுக்கே ஒரு மரண அறிவித்தல் அடிப்பது. (ஆசைதான். வேலை போகும்.)

மேலே மலர் அக்கா மகனை கார்தெரிக்கு, பிள்ளைகள் காப்பகத்துக்கு, வெளிக்கிடுத்துகிறார். அங்கேதான் அவருக்கும் வேலை.
"சப்பாத்தைப் போடு எண்டு எத்தினை தரம் சொல்லுறது!"
"அத்தாந்த், அம்மா!"
பொறு என்று பிரெஞ்சில். தினமும் இதே நாடகம்.

பெப்ரவரி 5, வியாழன்

வெயில். நம்பக் கூடாத வெயில், மூக்கு உறைகிறது.

ஜோன்-தலோன் தெருப் பக்கம் தமிழ்க் கடைக்குப் போனேன். கறிவேப்பிலை, குரக்கன் மா, தேங்காய்ப் பால். கடைக் கதவில் ஊர்ச்சங்க ஆண்டு விழா விளம்பரம். நடுவில் அவன். பட்டு வேட்டி, சால்வை, 'தலைவர்' என்று கீழே. தலைமயிர் மை பூசியது. வயிறு மேடைக்கு முதலே வந்து சேரும் போலிருக்கிறது. படத்தின் ஓரத்தில் இன்னொரு சின்னப் படம்: சக்கர நாற்காலியில் தாய், பக்கத்தில் முழங்காலில் இவன். 'தாயைப் போற்றும் தலைவர்' என்று ஒரு வரி. அங்கேயே கிழித்திருப்பேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமானோடு வெளியே வருகிறேன், எதிரே அவனே. தொப்பி, கழுத்துச் சுற்று, கண் மட்டும் தெரிகிறது. இருந்தாலும் எனக்குத் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "பார்தோன்" என்றான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்குச் சொன்ன முதல் வார்த்தை, மன்னிக்கவும் என்று. பிரெஞ்சில். யாரோ ஒரு பொம்பிளைக்கு.

வழியெல்லாம் நடந்தே வந்தேன், மெற்ரோவை மறந்து. கறிவேப்பிலை பையிலேயே உறைந்து கறுத்துவிட்டது. அதுவும் அவன் கணக்கில்.

பெப்ரவரி 8, ஞாயிறு

பனி கொட்டுகிறது. வெளியே போகவில்லை. ரொட்டி சுட்டேன், கருகியது.

எழுதிவிடுகிறேன், ஒருமுறை.

திருச்சி. அவன் கனடாவிலிருந்து வந்து தாலி கட்டுவதாக ஏற்பாடு. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து போய் வாடகை வீடு எடுத்து இருந்தோம். எங்களைப்போல அந்தத் தெருவில் பாதிப் பேர், எல்லாரும் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் காத்திருந்தவர்கள். அவனை நேரில் பார்த்தது நிச்சயத்துக்கு வந்தபோது மட்டும். மற்றதெல்லாம் கோலிங் காட் போட்டு எடுக்கும் போன். கிழமைக்கு ஒரு முறை, சில கிழமை மூன்று முறை. என் முகத்தைவிட என் குரலோடுதான் அவன் கூடப் பழகியவன்.

கலியாணத்துக்கு முதல் நாளே பூரணம் மாமி வந்துவிட்டார். அவன் தாய். கையில் கூறைப் பெட்டி. கூட அவன் தங்கச்சி வதனி, அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. "குகன் விடிய பிளைற்றிலை வாறான், பிள்ளை. வாறன் எண்டு சொன்னவன்." விடிந்தது. எனக்குச் சோடித்தார்கள். மேளக்காரர் வந்தார்கள், சாம்பார் கொதித்தது, முகூர்த்தம் போனது. அவன் பிளைற் ஏறவே இல்லை. இங்கே ஏற்கெனவே ஒருத்தியோடு இருந்திருக்கிறான். அதைச் சொல்ல ஒரு கோலிங் காட் போதும். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அன்றைக்கு முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தில் இருந்தது மாமிதான். மாப்பிள்ளை வீட்டார் மற்றவர்களெல்லாம் பின்கதவால் போய்விட்டார்கள். மாமி போகவில்லை. சனம் பார்த்தது, பேசியது, அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அந்த மனுஷி மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை.

எனக்கு யாழ்ப்பாணம் திரும்ப முகம் இல்லை. இங்கிலாந்துக்குப் படிக்கப் போனேன், வேலை, கடைசியில் பாஸ்போர்ட். பிறகு எங்கேயும் இருக்க முடியவில்லை. ஒரு ஊரில் நாலு பேர் பெயர் கேட்டுப் பழகியதும் பெட்டியைக் கட்டிவிடுவேன். அறிவித்தலில் எல்லாருக்கும் 'பிறப்பிடமாகவும்' 'வதிவிடமாகவும்' என்று போடுகிறேன். எனக்குப் போட வதிவிடம் இல்லை.

அம்மா போனபோது அவர் அறிவித்தலை நானேதான் அடுக்கினேன். 'அன்பு மாமியாரும்' என்ற வரியை அழிக்க வேண்டியிருந்தது. மருமகன் இல்லாத வீட்டுக்கு அந்த வரி இல்லை. அந்த வரியை அழித்த அன்றுதான் முடிவெடுத்தேன், இவனைச் சும்மா விடுவதில்லை என்று.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அரிவாளை நானே கொண்டு வந்திருக்கிறேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

விடிய சைரன். பனி அள்ளும் லொறி வருகிறது, காரை எடு என்று அர்த்தம். மலர் அக்கா நைற்றிக்கு மேல் ஜக்கெற் போட்டுக்கொண்டு திட்டியபடி ஓடினார்.

வேலையைத் திறந்தால் மேலேயே: மொன்ட்ரியால். திருமதி பூரணம்.

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். படத்தில் மாமிதான். மெலிந்து, பல் இல்லாமல், ஆனால் அதே குனிந்த பார்வை. அழுதேன். சொந்த ஆளுக்கு அழுவதுபோலவே அழுதேன்.

அழுது முடிய, கண்ணைத் துடைத்துவிட்டுப் பெயர்களைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கை ஏற்கெனவே தயார். அவன் பெயரை 'தவறுதலாக' விட்டுவிட வேண்டும். ஊர்ச்சங்கத் தலைவர், தாயைப் போற்றும் தலைவர், தாயின் அறிவித்தலில் இல்லை. இதைவிட என்ன வேண்டும்.

பார்த்தால், அவன் பெயர் இல்லை.

கணவர் பெயர், காலஞ்சென்றவர். மகள்: வதனி. மருமகன். பேரப்பிள்ளைகள் இருவர், வதனியின் பிள்ளைகள். மகன் என்ற சொல்லே இல்லை. மூன்று தரம் வாசித்தேன். நான் வெட்ட வந்த மரத்தை யாரோ முதலே தறித்துவிட்டார்கள். முதலில் ஏமாற்றம், உண்மையைச் சொன்னால்.

விபரம் அனுப்பியவருக்கு ஒருதரம் போன் பண்ணிக் கேட்டுத்தான் போடுவோம். உயிரோடு இருப்பவனுக்குப் பகையில் அறிவித்தல் அனுப்பும் சனமும் உண்டு. எடுத்தேன். வதனி. அவளுக்கு நான் யாரென்று தெரியாது, நான் சொல்லவும் இல்லை.

"அறிவித்தல் சேவையிலை இருந்து கதைக்கிறன். ஆழ்ந்த அனுதாபங்கள். விபரத்தை ஒருக்கா சரிபாக்க வேணும். பிள்ளையள் எண்ட இடத்திலை உங்கடை பேர் மட்டும்தான் கிடக்கு."
"ஓம்."
"வேறை பிள்ளையள்...?"
அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தினாள்.
"ஒரு அண்ணா இருக்கிறார். பேர் போட வேண்டாம்."
"பிழையா விடுபட்டுதோ எண்டுதான் கேட்டனான்."
"பிழை இல்லை அக்கா. வேணுமெண்டுதான் விட்டனான். வருஷக்கணக்கா அம்மா எங்கடை வீட்டிலைதான். மொன்ட்ரியால்-நோரிலை எங்கடை வீட்டுக்கு வர அவருக்கு ரைம் இல்லை, படம் எடுக்க மட்டும் வருவார். கடைசி மூண்டு நாளும் ஆஸ்பத்திரியிலை இருந்து போன் எடுத்துக்கொண்டே இருந்தனான். 'வாறன், வாறன்' எண்டவர். விழா ஒத்திகையாம். அம்மா கண் மூடுமட்டும் வரேல்லை. இனி அறிவித்தலுக்கு மட்டும் என்னத்துக்கு வாறது?"

வாறன் எண்டவர். வரேல்லை. ஆள் மாறவே இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம். பிள்ளை ஒன்றின் பெயரைக் குடும்பமே விடச் சொன்னால் அறிவித்தலை ஒரு நாள் பிடித்து வைப்போம். செத்த வீட்டுக் கோபம் ஒரு நாளில் ஆறும், பிறகு அவர்களே போடச் சொல்வார்கள் என்று சிவா அண்ணை சொல்லித் தந்தது. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

நான் பிடித்து வைக்கவில்லை. போனை வைத்த கையோடு பதிவேற்றினேன். மாமியின் படத்துக்கு மட்டும் நேரமெடுத்து, நல்ல மல்லிகை மாலையாகப் பார்த்துப் போட்டேன்.

பெப்ரவரி 11, புதன்

மைனஸ் எட்டு. இங்கே இதற்குப் பெயர் இளவேனில்.

காலையில் மலர் அக்கா படியால் இறங்கி வந்தார், போனை முன்னே நீட்டிக்கொண்டு. அவருக்கு நான் அறிவித்தல் வேலை செய்வது தெரியும். எனக்கும் கு.வுக்கும் உள்ளது தெரியாது.

"பிள்ளை, இதைப் பாத்தனீரோ? சங்கத் தலைவற்றை தாய். மகன்ரை பேர் இல்லை! நீர்தானே போட்டது? உண்மையிலை விட்டதோ, இல்லை உங்கடை பிழையோ?"
"எங்கடை பிழை இல்லை அக்கா."
"ஐயோ! அப்ப வேணுமெண்டே!" கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். "மூண்டு வாட்ஸ்அப் குறூப்பிலை வந்திட்டுது. ரொறொன்ரோவிலை இருந்து என்ரை மச்சாளும் அனுப்பியிருக்கிறா. சனம் வாய் மூடுதே? பாவம் எண்டு ஒண்டும் இல்லை, நல்லா வேணும். போன வருஷம் தாய்க்குப் பிறந்தநாள் எண்டு மண்டபம் எடுத்து, கேக்கை வெட்ட அந்த வயசுபோன மனுஷியின்ரை கையைப் பிடிச்சு அமத்தினவர், அது நோகுது நோகுது எண்டு கத்தினது. நான் கண்ணாலை கண்டனான்."

நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். என் பங்குக்குச் சீனி இரண்டு கரண்டி.

மத்தியானம் சேவை எண்ணுக்கு அழைப்பு. குரல் கேட்டதும் தெரிந்தது. கொஞ்சம் தடித்த, அதே குரல்.

"நான் குகன் கதைக்கிறன். மொன்ட்ரியால் ஊர்ச்சங்கத் தலைவர்."
"சொல்லுங்கோ அண்ணை. இறந்தவவுக்கு நீங்கள் என்ன முறை?"
"மகன்! ஒரே மகன்!"
"அறிவித்தலிலை அப்பிடி ஒருத்தரும் இல்லையே அண்ணை."
"அதுக்குத்தானே எடுத்தனான்! உடனை போடுங்கோ."
"விபரம் தந்தவை ஓம் எண்டால்தான் மாத்தலாம். எங்கடை விதி அது."
"நான் ஆரெண்டு உமக்குத் தெரியுமோ?"
"மகன் எண்டு இப்பத்தானே சொன்னனீங்கள்."
"உம்மடை முதலாளியோடை கதைக்கிறன்!"
"கதையுங்கோ அண்ணை. வேறை ஏதும் உதவி வேணுமோ?"

வைத்துவிட்டான். அறைக்குள் ஆடினேன். உண்மையிலேயே ஆடினேன், தடித்த காலுறையோடு, ஹீற்றர் சத்தத்துக்குத் தாளம் பிடித்து. என் குரலை அவனுக்குத் தெரியவில்லை. பரவாயில்லை என்று எழுத வந்தேன். இல்லை, பரவாயில்லை என்று இல்லை. எவ்வளவு இரவுகள் அந்தக் குரலுக்குப் 'போனை வைக்காதையும், இன்னும் ஒரு நிமிஷம்' என்றவன்.

பெப்ரவரி 12, வியாழன்

சிவா அண்ணை காலையிலேயே.
"பிள்ளை, அந்த மொன்ட்ரியால் ஆள் என்னைப் பிடிச்சுத் தின்னுறார். நீர் ஏன் ஒரு நாள் பிடிச்சு வைக்கேல்லை?"
"வேலை கூட அண்ணை. மறந்து போனன்."
"உமக்கு மறதி வாறேல்லையே. சரி, மகளோடை பக்குவமாக் கதைச்சுப் பாரும்."
ஓம் என்றேன். கதைக்கவில்லை.

பிற்பகல் திரும்பவும் அவன். இந்தமுறை தலைவர் இல்லை, சத்தம் இல்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற. இன்று பாட வந்திருந்தான்.

"தங்கச்சி, நேற்று கத்திப் போட்டன். மனசிலை வையாதையுங்கோ."
தங்கச்சியாம்.
"சனி அம்மாவைப் பார்வைக்கு வைக்கினம். எல்லாச் சனமும் வரும். பேர் இல்லாமல் நான் எப்பிடிப் போய் நிக்கிறது? கடையிலை கேக்கினம், கோயிலிலை கேக்கினம். மனுசி வெளியிலை வரமாட்டன் எண்டுறா. வதனி போன் எடுக்கிறாளில்லை."
"ஏன் அண்ணை உங்கடை பேரை விட்டவை?"
"அது... கடைசி நேரத்திலை போக முடியேல்லை. வேலை. நான் வாறன் எண்டுதான் சொன்னனான். வரத்தான் இருந்தனான்."

கேட்கக் கூடாது. வேலைக்கு ஒவ்வாது. கேட்டேன்.

"இதுக்கு முதலும் ஆருக்கும் வாறன் எண்டு சொல்லிப் போட்டுப் போகாமல் விட்டனீங்களோ அண்ணை?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். 'ஓம்' என்று சொன்னால், ஒரே ஒரு 'ஓம்', அன்றைக்கே வதனிக்கு எடுத்து நானே மன்றாடியிருப்பேன். இது இங்கே எழுதியிருக்கட்டும், நான் அவ்வளவுக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"சீச்சீ. நான் சொன்ன சொல் தவறாத ஆள், தங்கச்சி. இஞ்சை ஆரையும் கேட்டுப் பாருங்கோ."

மறைக்கவில்லை அவன். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. அவனுக்கு நினைவே இல்லை. திருச்சி இல்லை, மண்டபம் இல்லை, நான் இல்லை. நான் நாடு நாடாகச் சுமந்து திரிந்தது அவன் வீட்டில் ஒரு மூலையில்கூடக் கிடக்கவில்லை.

பார்க்கிறன் அண்ணை என்று சொல்லி வைத்தேன். சாப்பிடவில்லை. மலர் அக்கா இறக்கித் தந்த புட்டு அப்படியே கிடக்கிறது.

பெப்ரவரி 13, வெள்ளி

தலையிடி. மேகம். ஹீற்றர் செத்துவிட்டது, இரண்டு ஜக்கெற்றோடு வேலை.

வதனியிடமிருந்து எழுத்தில் வந்திருந்தது: 'அண்ணாவின் பெயரையும் மகன் என்று சேர்த்து விடுங்கள். கிரியைக்கு முதல் வந்தால் நல்லது. நன்றி.' அவ்வளவுதான். சிவா அண்ணையின் கணக்குத் தப்பவில்லை.

பெயர் சேர்க்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். 'மகன்: குகன்' என்று அடித்தும்விட்டேன். பொத்தானில் விரல் வைத்தபடி இருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

வதனிக்குப் பதில்: 'ஓம், போடுகிறோம்.'

அவனே எடுத்தான், குரலில் பழைய தலைவர் பாதி திரும்பி. "வதனி சொல்லிப்போட்டாளாம்!"
"ஓம் அண்ணை, வந்திட்டுது. போடுறன்."
"எப்ப வரும்?"
"வரும் அண்ணை. பாத்துக்கொண்டிருங்கோ."

சோடிச்சு இருங்கோ என்று சொல்லவில்லை. மனதுக்குள் சொன்னேன்.

லப்டொப்பை மூடிவிட்டுத் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனேன். கடைப் பையன் 'சா வா?' என்று சுகம் கேட்டான். வா, நன்றாக வா என்றேன். திரும்பி வந்து பார்த்தால் மாமியின் பக்கத்தைத் திறந்தவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. மற்றச் சனமெல்லாம் புதனோடு பார்த்து முடித்துவிட்டது. இது ஒரு ஆள். திறக்கிறான், மூடுகிறான், திறக்கிறான்.

அன்றைக்குத் திருச்சியில், வாசலில் கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் இப்படித்தான் எட்டிப் பார்த்தேன்.

பெப்ரவரி 14, சனி

கடையெல்லாம் சிவப்பு இதயம். மெற்ரோவில் ஒரு பெடியன் வாடின ரோசாவோடு.

மலர் அக்காவோடு பார்வைக்குப் போனேன். போவதில்லை என்றுதான் இருந்தேன். மாமிக்காகப் போனேன், அவனுக்காகவும் போனேன், இரண்டும் உண்மை. உடலை வைத்திருந்த மலர்ச்சாலை வாசலில் பூட்ஸ் மலை, உருகின தண்ணீர், ஊதுபத்தி. எல்லாரும் மெல்லிய குரலில், எல்லாரும் பெயரைப் பற்றியே.
"இன்னும் போடேல்லையாம்."
"தங்கச்சி விடுறாள் இல்லையாம்."
"பின்னை, தாயைப் பாத்தவள் அவள்தானே."

மாமி சின்னதாகப் போய்விட்டார். கூறை நிறத்தில் ஒரு சேலை உடுத்தியிருந்தார்கள். காலைத் தொட்டேன்.

வதனி என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அண்ணனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது.
"சுகி அக்கா? திருச்சி சுகி அக்காவோ?"
கட்டிப்பிடித்து அழுதாள். "அம்மா உங்களைக் கதைக்காத நாள் இல்லை. கடைசியிலை எல்லாம் மறந்துபோச்சு, என்ரை பேரும் மறந்துபோச்சு. ரெண்டு பேர்தான். 'சுகி சாப்பிட்டவளோ' எண்டுவா. 'குகன் வந்திட்டானோ' எண்டுவா." மூக்கைத் துடைத்தாள். "அதுதான் எனக்கு மனம் கேக்கேல்லை. அவன்ரை பேரைப் போடச் சொல்லி எழுதிப்போட்டன். ஓம் எண்டவை. இன்னும் வரேல்லை, அக்கா. அம்மா அவன்ரை பேர் இல்லாமலே போகப்போறா."

என் ஜக்கெற் பைக்குள் போன் இருந்தது. அங்கேயே நின்று போட்டிருக்கலாம்.

வரிசை தள்ளியது. கடைசியில் அவன், சுவரோடு, ஒரு கையால் சனத்தின் கையைப் பிடிக்கிறான், மற்றக் கையில் போன், வெளிச்சமாக, மாமியின் படம்.

"வந்ததுக்கு நன்றி. எங்கை கண்டமாதிரிக் கிடக்கு. நீங்கள் ஊரிலை எவ்விடம்? ஆற்றை ஆள்?"

நான் சேவைக் குரலில் சொன்னேன்:
"அறிவித்தல் சேவையிலை இருந்து கதைக்கிறன் அண்ணை. உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

முதலில் அந்தக் குரல் பிடிபட்டது, சந்தோஷப்படவே தொடங்கினான். பிறகு முகத்தைப் பார்த்தான். பிறகு மற்றக் குரலும், கோலிங் காட் குரலும், எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்க வேண்டும். கையை விட்டான்.
"சுகி."
"ஓம்."

எத்தனையோ வசனம் வைத்திருந்தேன், வருஷக்கணக்காகத் தீட்டியவை. ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவனிடமிருந்து ஒரு வார்த்தைக்காக நின்றேன். எந்த வார்த்தையென்றாலும்.

அவன் சுற்றிப் பார்த்தான், யாரும் கேட்கிறார்களா என்று. குனிந்து, மெதுவாக:
"பேர் எப்ப வரும்?"

"வரும். பேந்து வரும்" என்றேன். நடந்துவிட்டேன். வாசலில் யாருடையதோ பூட்ஸை மாறிப் போட்டு, திரும்ப வந்து கழற்ற வேண்டியதாயிற்று.

பெப்ரவரி 15, ஞாயிறு

பனி. மெல்லியது, நேராக விழுகிறது.

கிரியைக்குப் போகவில்லை. மலர் அக்கா போய் வந்து சொன்னார்: தகனசாலையில் பொத்தானை அமத்த ஐயர் மகனைக் கூப்பிட்டாராம். அவன் முன்னே வந்தானாம். பின்னாலே சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு. அவன் நின்றுவிட்டான், காலை எடுத்து வைக்கவில்லை. கடைசியில் வதனி போய் அவன் கையையும் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமாக அமத்தினார்களாம். "என்ன இருந்தாலும் கூடப்பிறந்தது" என்று மலர் அக்கா கண்ணைத் துடைத்தார். நேற்றுவரை நல்லா வேணும் என்றவர்.

மாமி, நீங்கள் கேட்ட இரண்டு பேரில் ஒருத்திதான் மற்றவன் பெயரைப் பிடித்து வைத்தவள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாம். அவனிடம் இல்லை. வதனியிடமும் கேட்க வேண்டும், எப்படி என்று தெரியவில்லை. சிவா அண்ணை ஏன் பிந்தியது என்று கேட்டால், வேலை கூட என்பேன்.

எரிந்து முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு போட்டேன். 'மகன்: குகன்.' மூத்த பிள்ளையின் இடத்தில், வதனிக்கு முன்னால், முறைப்படி. ஒரு எழுத்துப் பிழை இல்லை. அறிவித்தலை அவனைத் தவிர யாரும் இரண்டாம் தரம் திறப்பதில்லை. குறூப்பில் சுற்றுவது அவன் பெயரில்லாத பழைய பக்கத்தின் படம், அது இனிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எண்ணிக்கையைப் பார்த்தேன். ஒன்று கூடியது.

பார்க்கட்டும்.